தலையெழுத்தும் உயிரெழுத்தும்

"எல்லாம் தலையெழுத்து!" என்று பெருமூச்செறிந்தவர்களைப் பார்த்து, "எங்கே இருக்கிறது அந்த எழுத்து? எந்த மொழி? எத்தனை வரி? ஒருமுறை படித்துத்தான் காட்டுங்களேன்!" என்று கேட்டவர்களின் வழிவந்தவர்கள் நாம். மண்டை ஓட்டிலே தெரியும் நெளிவுக் கோடுகளைச் சுட்டிக்காட்டி, அதுதான் பிரமனின் கையெழுத்து என்று சாதித்தவர்களும் இருந்தனர். எலும்பும் எலும்பும் கூடும் விளிம்பு அது என்பதைப் பள்ளிச் சிறுவன் இன்று படம் போட்டு விளக்கிவிடுவான். அந்த வழக்கு முடிந்தது.

முடிந்தது என்று நாம் அமரும் வேளையில், இன்னோர் எழுத்து வந்து நிற்கிறது. காட்டு என்றால் இதைக் காட்டுகிறார்கள்; படி என்றால் படிக்கிறார்கள். நான்கே எழுத்துக்கள்! அவை முன்னும் பின்னுமாக மாறிமாறி அமைந்து, ஏறத்தாழ 300 கோடி எழுத்து நீளமுள்ள ஓர் ஏடாகி, நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்களிலே சுருண்டு கிடக்கின்றன. புரதம் செய்வதற்கான மரபணுக்கள் அந்த ஏட்டிலே சுமார் 20,000. கருவி கொண்டு கண்ட உண்மை இது. தலையெழுத்தை எள்ளி நகையாடியதைப் போல் இந்த உயிரெழுத்தைத் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது.

ஆனால், இதைக் கேள்விப்பட்டவுடன் பழைய பல்லவியைப் புதிய மெட்டிலே பாடத் தொடங்கிவிட்டார்கள் சிலர். "அவனுடைய ஜீன் அப்படி!" "படிப்பு அந்தக் குடும்பத்து ரத்தத்திலேயே இருக்கிறது!" "சிலருக்கு வராது, விட்டுவிடுங்கள்!" கல்லூரியிலே பட்டம் பெற்றவர்கள் பேசும் பேச்சு இது. விதி என்ற சொல்லை வாயிற்புறத்தில் விட்டுவிட்டு, விதியை மட்டும் வீட்டுக்குள் அழைத்து வருகிறார்கள். எனவே கேட்கிறோம்: பிறக்கும்போதே நம்முள் எழுதப்பட்டிருப்பது இத்துணை உண்மையென்றால், ஒரு மனிதனை எதற்காகக் குறை கூறுவது? எதற்காகக் குறை கூறாமல் விடுவது?

பொதுப்படப் பேசினால் இந்தக் கேள்வி வாய்ப்பந்தலாக முடியும். 20,000 மரபணுக்களில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வோம். கருவிலே நரம்புகள் வழி கண்டு சென்று இணைவதில் பங்குகொள்ளும் மரபணு அது. பெயர் டி.சி.சி.

பெயரைப் பற்றியே ஒரு சொல். 1990-இல் அமெரிக்காவிலே பெருங்குடற் புற்றுநோயை ஆராய்ந்தவர்கள், புற்றுக்கட்டிகள் பலவற்றில் பதினெட்டாம் குரோமோசோமின் ஒரு பகுதி காணாமற் போயிருப்பதைக் கண்டனர். அங்கே இருந்த மரபணுவுக்கு, 'குடற்புற்றில் இழக்கப்பட்டது' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களையே பெயராகச் சூட்டினர். அதனுடைய அன்றாடத் தொழில் என்ன என்பது அப்போது தெரியாது. எந்த நோயிலே அது இல்லையோ, அந்த நோயின் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது! ஆளின் தொழிலையும் திறமையையும் கேளாமல், பிறந்த இடத்தையும் உடற்குறையையும் கொண்டே பெயரிட்டு அழைக்கும் ஊர்களை அறிந்த நமக்கு இது வியப்பாக இராது.

தொழில் என்ன? தாயின் வயிற்றிலே கரு வளரும்போது, நரம்பணு தன் இழையை நீட்டுகிறது. இழையின் நுனி, விரித்த விரல்களைப் போலத் துழாவித் துழாவிச் செல்கிறது. ஸ்பெயின் நாட்டு ரமோன் இ காஹால் 1890-இல் கோழிக் கருவின் தண்டுவடத்திலே இந்த நுனியைக் கண்டார். வழியிலே இருக்கும் ஏதோ ஒரு வேதிப்பொருள் இதை ஈர்க்கக்கூடும் என்று 1892-இல் ஊகித்தார். அந்தப் பொருளைக் கையிலே பிடிக்க நூறாண்டு ஆயிற்று! 1994-இல் கோழிக் கருக்களின் மூளையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து நெட்ரின் என்று பெயரிட்டனர். வழிநடத்துபவன் என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட பெயர் அது. இருக்கட்டும், பெயர் எந்த மொழியாயினும், வேலை எல்லா மொழியினரின் தண்டுவடத்திலும் நடைபெறுகிறது. அந்த நெட்ரினைக் கேட்கும் செவிதான் டி.சி.சி. மரபணு செய்யும் புரதம் என்பது 1996-இல் தெளிவாயிற்று. 1,447 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. நரம்பணுவின் சவ்வை ஊடுருவி நிற்கிறது. பெரும்பகுதி வெளியே, வாற்பகுதி உள்ளே. தெருவிலே கேட்பதை வீட்டுக்குள்ளே சொல்ல வாயிற்படியில் நிற்கும் ஆளைப் போல!

மனிதருக்கு மட்டுமா இந்தச் செவி? சிட்னி பிரென்னர் 1974-இல், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள மண்புழுதிப் புழு ஒன்றின் மரபியலை வெளியிட்டார். நேராக நெளியத் தெரியாமல் தடுமாறும் புழு வகைகள் பல அதிலே இடம்பெற்றன. தடுமாறும் அத்தகைய வகைகளில் ஒன்றின் பழுது, டி.சி.சி.யின் உறவான மரபணுவிலேயே இருப்பது பின்னாளில் தெரிந்தது. ஈயிலும் அதே குடும்பம், எலியிலும் அதே குடும்பம். உயர்பிறப்பு என்று மார்தட்டுபவரின் மூளைக்கும் இந்தப் புழுவுக்கும் வழிகாட்டி ஒன்றே என்பதைச் சொல்லிவிட்டு மேலே செல்வோம்.

வலக்கையை ஆள்வது மூளையின் இடப்பாதி. இடக்கையை ஆள்வது வலப்பாதி. மூளையிலிருந்து கைகால்களுக்காக இறங்கும் நரம்பிழைகளிற் பெரும்பாலானவை முகுளத்திலே நடுக்கோட்டைக் கடந்து மறுபக்கம் செல்வதே காரணம். கடக்க வேண்டிய இழைகள் சரிவரக் கடக்காவிட்டால்? 2010-இல் விடை கிடைத்தது. கனடாவில் வாழும் பிரெஞ்சு வழியினரான ஒரு குடும்பத்திலும், ஈரானியக் குடும்பம் ஒன்றிலும், ஒரு விந்தையான இயல்பு தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தது. வலக்கை விரலை மடக்கினால் இடக்கை விரலும் தானே மடங்கும். இடக்கையைத் திறந்தால் வலக்கையும் திறந்துகொள்ளும். கண்ணாடியிலே தெரியும் உருவம் போல ஒரு கையை மறுகை பின்பற்றும். மருத்துவர் இதைக் கண்ணாடி அசைவு என்பர். பச்சிளங்குழந்தைகள் எல்லோரிடமும் இது சிறிதளவு உண்டு. வளர வளர மறைந்துவிடும். இவர்களுக்கோ வாழ்நாள் முழுதும் நிற்கிறது. அந்தக் குடும்பங்களிலே பழுதுபட்டிருந்த மரபணு டி.சி.சி.

பத்து லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே இந்நிலை இருக்கும் என்பது மதிப்பீடு. குறைவு என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். வகுப்பறையிலே இப்படி ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அறிவிலே குறையில்லை. எழுதச் சொன்னால் எழுதுகிறான். எழுதும்போது இடக்கை விரல்கள் மேசையின்மேல் துள்ளுகின்றன. அடுத்த பிள்ளையின் ஏட்டைத் தட்டிவிடுகின்றன. சிறிது நேரம் எழுதினால் இரு கைகளும் வலிக்கின்றன. ஒரு கையால் காகிதத்தைப் பிடித்து மறுகையால் வெட்டு என்றால் முடியவில்லை. ஆசிரியர் காண்பது என்ன? அடக்கமற்ற பிள்ளை! விளையாட்டுப் புத்தி! கையைக் கட்டு என்கிறோம்; கட்டிய கை துடிக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பிரம்பை விலக்கிற்று. சொல்லால் அடிப்பதையும் அது விலக்கிற்று என்பதை ஆசிரியர்களாகிய நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

அந்தப் பிள்ளை குற்றம் செய்யவில்லை. அவனுடைய விருப்பம் வலக்கைக்கு ஆணையிட்டது. ஆணை இரு தெருக்களிலும் கேட்டுவிட்டது. தெரு அமைந்தது அவன் பிறக்குமுன். இங்கே உயிரெழுத்து வந்து அவனுக்காகச் சான்று சொல்கிறது. முற்பிறவிப் பாவம் என்று சொன்னவர் வாயையும், வளர்த்த தாய் சரியில்லை என்று சொன்னவர் வாயையும் ஒருசேர அடைக்கிறது. இந்த ஒரு நன்மைக்காகவே அந்த எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்போம்.

இந்த இடத்திலே நம் தோழர்களோடும் சிறிது வழக்காட வேண்டியிருக்கிறது. பிறப்பின் பெயரால் இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டு கொதித்தவர்கள், "பிறப்பிலே ஒன்றுமே இல்லை, சூழ்நிலைதான் எல்லாம், பயிற்சி கொடுத்தால் எதையும் மாற்றலாம்" என்று பேசிவிடுகிறார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் மெய்யன்று. ரோஜர் ஸ்பெர்ரி 1940-களில், நீரிலும் நிலத்திலும் வாழும் சிற்றுயிர்களின் கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தார். நரம்பு மீண்டும் வளர்ந்து தன் பழைய இடத்தையே தேடிச் சென்று இணைந்தது. அதன்பின் மேலே இரை தெரிந்தால் அந்த உயிர் கீழே பாய்ந்தது! எத்தனை முறை ஏமாந்தும் திருத்திக்கொள்ளவில்லை. கண்ணாடி அசைவுள்ள பிள்ளையை "முயற்சி செய், முயன்றால் முடியாதது உண்டோ" என்று ஆண்டு முழுதும் வற்புறுத்தும் நல்லெண்ண ஆசிரியர், பிரம்பு எடுத்தவரைவிட எவ்வளவு மேல்? பிள்ளையைப் பொறுத்தவரை இருவரும் முடியாததைக் கேட்பவர்களே. சமத்துவம் வேண்டுமென்றால் எல்லா உடலும் ஒன்றுபோல் இருந்தாக வேண்டும் என்று எந்த அறநூலும் விதிக்கவில்லை. நாம் ஏன் விதித்துக்கொள்ள வேண்டும்?

சரி, அப்படியானால் எழுத்தே விதிதானோ? பொறுங்கள். அதே மரபணுவை இன்னும் சிறிது கிட்டே சென்று பார்ப்போம்.

2017-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, டி.சி.சி.யில் பழுதுள்ள குடும்பங்களை மூளைப் படங்களோடு ஆராய்ந்தது. ஒரே குடும்பம், ஒரே எழுத்துப் பிழை. ஒருவருக்குக் கண்ணாடி அசைவு. இன்னொருவருக்கு, மூளையின் இரு பாதிகளை இணைக்கும் பெரிய நரம்புப் பாலமே அமையவில்லை. வேறொருவருக்கோ இரண்டு குறையும் இல்லை; பிழையைச் சுமந்துகொண்டே பிழையின்றி வாழ்கிறார்! எந்தச் சோதிடரும் எழுத்தும் கையுமாக இருந்தும் இவ்வளவு தடுமாறியதில்லை. பாலம் இல்லாதவர்களிலும் பலருடைய அறிவு வளர்ச்சி நன்றாகவே இருந்தது.

ஏன் இப்படி? 1999-இல் வெளியான ஒரு சோதனையைக் கேளுங்கள். தவளைக் கருவின் கண் நரம்பு நுனிக்கு நெட்ரினைக் காட்டினார்கள்; டி.சி.சி. என்ற செவியால் கேட்டு அது நெட்ரினை நோக்கி வளர்ந்தது. பிறகு, உடலிலே இயற்கையாக உள்ள லாமினின் என்ற மற்றொரு புரதத்தைத் தரையாகப் பரப்பிவிட்டு அதே நெட்ரினைக் காட்டினார்கள். நுனி விலகி ஓடிற்று! அதே அழைப்பு, அதே செவி. தரை மாறியது, விடை தலைகீழாயிற்று. மரபணுவிலே "வா" என்றும் எழுதியிருக்கவில்லை, "போ" என்றும் எழுதியிருக்கவில்லை. கேட்கும் உறுப்பை எப்படிச் செய்வது என்று மட்டுமே எழுதியிருக்கிறது. கேட்டதற்கு என்ன பொருள் என்பது, நுனி எங்கே நிற்கிறது, எந்த வேளையில் நிற்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கணக்கும் இதையே சொல்லும். மனித மூளையில் நரம்பணுக்கள் சுமார் 8,600 கோடி. அவற்றுக்கிடையே உள்ள இணைப்புக்களோ நூறு லட்சம் கோடி என்ற அளவில் எண்ணப்படுகின்றன. ஏட்டிலே உள்ள எழுத்துக்கள் 300 கோடி. ஓர் இணைப்புக்கு ஓர் எழுத்து என்று பங்கிட்டாலும் ஏடு போதாது! ஊரிலே உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் யார் யார் எந்நாளில் வருவார் என்று எழுதிவைக்க இயலாத அந்த ஏடு, தெருவிளக்கையும் கைகாட்டி மரத்தையும் செய்யும் முறையை எழுதி வைத்திருக்கிறது.

அறிவியலின் நேர்மைக்கும் இந்தச் சிறு மரபணுவே சான்று. தண்டுவடத்தின் அடித்தளத்திலிருந்து பரவும் நெட்ரின் தொலைவிலிருந்தே இழைகளை இழுக்கிறது என்பது பாடநூற் படம். 2017-இல் எலிகளில் நடந்த ஆய்வுகள், அடித்தளத்து நெட்ரின் இல்லாமலும் இழைகள் பல கடக்கின்றன, வழியோரத்து அணுக்கள் தரும் நெட்ரினே முதன்மையானது என்று காட்டி அந்தப் படத்தைத் திருத்தச் செய்தன. டி.சி.சி. எவ்வாறு இயங்குகிறது என்று 1999-இலும் 2001-இலும் வெளியாகிப் பெரிதும் போற்றப்பட்ட கட்டுரைகள் மூன்று, அவற்றின் படங்கள் நம்பத்தக்கனவாக இல்லை என்று தெரிந்து 2023-இல் திரும்பப் பெறப்பட்டன. அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் அப்போது ஒரு பெரும் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் இருந்தார். அவரே படங்களை மாற்றினார் என்று விசாரணை கூறவில்லை. எனினும் பதவியை விட்டார். நெட்ரினுக்கும் டி.சி.சி.க்கும் உள்ள உறவு பிறருடைய ஆய்வுகளால் நிலைத்து நிற்கிறது. எந்தப் புராணத்தில் எந்தப் பக்கத்தை இப்படித் திரும்பப் பெற்றார்கள்?

எழுத்தைப் படிக்காமலே தீர்ப்பு எழுதிய காலமும் ஒன்று இருந்தது. அதை மறந்துவிட்டு இதைப் பேசக்கூடாது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்ற ஏழை இளம்பெண். அவளுடைய தாய் மந்தபுத்தி என்றார்கள். அவளும் மந்தபுத்தி என்றார்கள். சில மாதக் கைக்குழந்தையான அவள் மகளும் இயல்பாக இல்லை என்று நீதிமன்றத்திலே சான்று சொன்னார்கள்! மூன்று தலைமுறை முடிந்ததாம். அவளுக்குக் கருத்தடை அறுவை செய்யலாம் என்று 1927-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். படித்தவர், பண்பாளர் என்று புகழப்பட்டவர். எட்டு நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். அந்தக் கைக்குழந்தை வளர்ந்து பள்ளிக்குச் சென்றாள். 1931-இல் நன்மாணவர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. மறு ஆண்டே நோயில் இறந்துபோனாள். 1933-இல் இட்லரின் ஆட்சி இதே வகைச் சட்டம் இயற்றி, சுமார் நான்கு லட்சம் மக்களுக்குக் கருத்தடை செய்தது. அன்று ஒரு மனித மரபணுவின் எழுத்தையும் எவரும் படித்ததில்லை! பிறப்பு என்ற சொல்லுக்கு ஆய்வுக்கூட அங்கியை மாட்டிவிட்டால், பள்ளிப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் பொறுமைகூட நீதிபதிகளுக்கு இல்லாமற் போயிற்று.

இனி, மறுபக்கத்துக் கேள்வி. பிள்ளையின் கை துள்ளுவதற்கு நரம்பு காரணம் என்று மன்னிக்கிறோமே, மனைவியை அடிப்பவனும் "என் கோபம் பிறவிக் கோபம், என் நரம்பு அப்படி" என்று வந்து நின்றால் என்ன சொல்வது?

கண்ணாடி அசைவுள்ளவரையே கேட்போம். எந்தக் கை நீங்கள் அசைத்தது, எந்தக் கை தானே அசைந்தது என்றால், தயங்காமற் சொல்லுவார். விரும்பிச் செய்ததும் விரும்பாமல் நேர்ந்ததும் அவருக்குத் தெளிவாகவே வேறுவேறு. இரண்டுமே நரம்பின் வழியாகத்தான் நடந்தன. நரம்பின் வழி நடந்தது என்பதனாலே வேறுபாடு அழிந்துவிடவில்லை. அந்த இடக்கை ஆள் பார்த்து அசைவதில்லை. தலைமையாசிரியர் முன்னும் துள்ளும், தாயின் மடியிலும் துள்ளும். மனைவியை அடிக்க ஓங்கும் கை அப்படியா? மேலதிகாரி ஏசும்போது அது எழுவதில்லை. வாசலிலே காவலரைக் கண்டதும் தாழ்ந்துவிடுகிறது. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்த பின்னரே ஓங்குகிறது! ஆளும் இடமும் பார்த்து அடங்கத் தெரிந்த கைக்கு நரம்பின் மேல் பழிபோட என்ன உரிமை? மரபணு யாருக்குச் சான்று சொல்லும், யாருக்குச் சொல்லாது என்று பிரித்துப் பார்க்க இந்த ஒரு சோதனையே பெரும்பாலான வழக்குகளுக்குப் போதும். எல்லா வழக்குகளுக்கும் போதாது. மூளை நோயால் அடக்கும் ஆற்றலையே இழந்தவர்கள் உண்டு, அவர்களை மருத்துவரிடம்தான் அனுப்ப வேண்டும்.

இது ஏட்டுவாதம் அன்று; இன்றே சிலருடைய வீட்டு வாயிலில் நிற்கிறது. கருவுற்ற ஐந்தாம் மாதத்திலே எடுக்கும் படத்தில், குழந்தையின் மூளைப் பாலம் இல்லை என்று தெரியவரும் பெற்றோர் உண்டு. 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம், மருத்துவர்கள் குறிப்பிடும் கடுங்குறைபாடுகளுக்காகக் காலங்கடந்தும் முடிவெடுக்க இந்நாட்டுப் பெண்களுக்கு வழி விட்டிருக்கிறது. அந்த உரிமை வேண்டும். முடிவு அந்தத் தாயினுடையது. அவளுக்கு அறம் போதிக்க நாம் யார்? ஆனால், அவள் கையிலே தரப்படும் செய்தி முழுமையாக இருக்க வேண்டாமா? பாலம் இன்மைக்குக் காரணங்கள் பல. பிற குறைகளும் சேர்ந்திருந்தால் நிலைமை கடினம். தனியே அது மட்டும் இருந்து, காரணம் டி.சி.சி.யின் ஒரு படியில் உள்ள பிழை என்று தெரிந்தால், அத்தகைய குடும்பங்களில் பலர் நன்றாகவே வளர்ந்திருக்கிறார்கள். குழந்தையின் தந்தையோ தாயோ அதே பிழையோடு, அதை அறியாமலே, வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்திக்கொண்டு எதிரே அமர்ந்திருக்கவும்கூடும். "மூளையில் கோளாறு" என்ற இரண்டே சொல்லோடு அவர்களை வீட்டுக்கு அனுப்பும் மருத்துவம், பழைய சோதிடத்துக்கு எவ்வகையில் மேல்?

அந்தத் தாய் கேட்கக்கூடிய அடுத்த கேள்வி மருத்துவருக்கு உரியதன்று. "பிறந்து வளர்ந்தால், பள்ளியில் என் பிள்ளையை எப்படி நடத்துவார்கள்?" எழுதக் கூடுதல் நேரம்; கை வலிக்கும்போது வாயால் விடை சொல்ல இசைவு; துள்ளும் கையை மேசைக்கடியில் வைத்துக்கொள்ள ஓரத்திலே ஓர் இடம்; அதைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகளிடம் நரம்பு நடுக்கோட்டைக் கடக்கும் கதையைப் படம் போட்டுச் சொல்லும் ஓர் ஆசிரியர். இவ்வளவையும் இன்று அவளுக்குக் கையொப்பமிட்டு எழுதிக் கொடுக்க, நாம் பணியாற்றும் பள்ளிகளில் எத்தனை முன்வரும்?